ரிவிட் அடிக்கும் முன் விண்ணப்பம்

வீட்டிலேயே விமானம் கட்ட நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது என்ன?

மும்பை காந்திவலியின் சார்கோப் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. அதன் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரக்கூடிய விமானம் ஒன்றைக் கட்டினார் அமோல் யாதவ். அப்போது அவர் ஜெட் ஏர்வேஸில் விமானி. ஓய்வு நேரமெல்லாம் மாடியில். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் அந்த விமானத்தைப் பார்க்கக் கூட்டம் மொய்த்தது. ஆனால் அதைப் பறக்கவிட முடியவில்லை. வாலில் எழுத வேண்டிய பதிவு எழுத்துகள் அதற்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை.

பதிவு கேட்டு அவர் இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் விண்ணப்பித்தது 2011இல். இடையில் விதி மாறியது. தனி மனிதர் கட்டும் விமானத்தைப் பதிவு செய்யும் வழி அடைபட்டது. மகாராஷ்டிர முதல்வர் தேவேந்திர ஃபட்னாவிஸ் தலையிட்டு, விஷயம் பிரதமர் வரை போன பிறகு, 2017 நவம்பரில் விடி-என்எம்டி என்ற எழுத்து கிடைத்தது. நரேந்திர மோடி, தேவேந்திரா என்ற பெயர்களின் முதலெழுத்துகளை நன்றியாக வாலில் ஏற்றிக்கொண்டார் யாதவ். பறந்து சோதிக்கும் அனுமதி 2019இல்தான் வந்தது. விண்ணப்பம் கொடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் எட்டு ஆண்டுகள்!

அலுமினியத்தை வெட்டவும் வளைக்கவும் தெரிந்த ஒருவரைக் காகிதம் இத்தனை காலம் தரையில் கட்டிப்போட்டது. யாதவின் கதையை எல்லாரும் விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். நியாயம்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு கனவு காண்பவர் அதை வேறொரு கண்ணோடும் படிக்க வேண்டும். விமானத்தின் பதிவு கடைசியில் வாங்கிக்கொள்ளும் பொருள் அல்ல. வரைபடத்துக்குப் பணம் கட்டுகிற அன்றைக்கே அது தொடங்கிவிடுகிறது.

கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை

இந்தக் கனவு நமக்கு அந்நியமானதா? இல்லவே இல்லை. 1910 மார்ச்சில் சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த டி'ஆஞ்செலிஸ் என்ற கார்சிகாக்காரர், தாமே வரைந்த விமானம் ஒன்றை சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டி, பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி ஓராண்டுகூட ஆகவில்லை அப்போது. குதிரை வண்டி கட்டிப் பேர் வாங்கிய சிம்ப்சன் பட்டறைக் கைகள்தான் அந்த விமானத்தையும் கட்டின. அன்றைக்கு அவர் யாரிடமும் பதிவு கேட்க வேண்டியிருக்கவில்லை. விமானத்துக்கு நாட்டின் அடையாள எழுத்து வேண்டும் என்று நாடுகள் கூடி முடிவெடுத்ததே 1919இல், பாரிஸ் உடன்படிக்கையில்தான்.

இங்கேயும் அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. செந்தூல் பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் யார்டிலும் ரயிலைப் பிரித்துப் பூட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சுபாங் ஹேங்கர்களில் ஜெட் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இறக்கைப் பாகங்கள் சுபாங்கில் தயாராகின்றன. விமானத் தொழில்நுட்பம் படிக்க யூனிகேஎல் மியாட் இருக்கிறது. பறக்கும் பழக்கமும் இங்கே புதிதல்ல. கோலாலம்பூர் பறக்கும் கழகம் 1929இல் தொடங்கியது. ராயல் சிலாங்கூர் பறக்கும் கழகம் என்று பெயர் பெற்று, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பழைய சுங்கை பீசி தளத்தில் பல தலைமுறை விமானிகளுக்கு அது இறக்கை கொடுத்தது. திறமை கிடக்கிறது, ஆசையும் கிடக்கிறது. எங்கே தொடங்குவது என்ற தெளிவு இல்லாமல்தான் பல திட்டங்கள் கார் நிறுத்தும் இடத்திலேயே துருப்பிடிக்கின்றன.

வாங்குவது தாள் மட்டுமல்ல

வீட்டில் விமானம் கட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வரைபடம் மட்டும் வாங்கி, மரத்தையும் உலோகத்தையும் நாமே தேடி, ஒவ்வொரு துண்டையும் நாமே வெட்டுவது. மற்றது, துளை போட்டு வளைத்த பாகங்களைப் பெட்டிகளாக வாங்கிப் பொருத்தும் 'கிட்'. முதலாவதில் செலவு மெதுவாகப் போகும், காலம் பல ஆண்டுகள் ஓடும். இரண்டாவதில் கையிருப்பு வேகமாகக் கரையும், வேலை சீக்கிரம் முடியும்.

வரைபட வழி மிகப் பழையது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்ற சிற்றூர்க்காரர் பெர்னார்ட் பீட்டன்போல். ஃபோர்டு கார் இன்ஜினைப் பூட்டிப் பறக்கும் 'ஏர் கேம்பர்' என்ற மர விமானத்தை வடிவமைத்தார். 1932இல் அதன் வரைபடம் ஓர் ஆண்டு மலரில் வெளிவந்தது. இன்றைக்கும் அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் வரைபடத்தை நம்பிக் கெட்ட கதையும் அதே காலத்ததுதான். பிரான்சின் ஆன்ரி மின்யே 1933இல் 'பறக்கும் தெள்ளு' என்று பெயரெடுத்த குட்டி விமானத்தைப் பறக்கவிட்டு, அடுத்த ஆண்டே கட்டும் முறையைப் புத்தகமாகவும் போட்டார். எளிமை, மலிவு. ஐரோப்பா முழுவதும் ஆர்வலர்கள் பாய்ந்து விழுந்து கட்டினார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விபத்துகள், உயிரிழப்புகள். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது உண்மை தெரிந்தது: ஒரு கோணத்துக்கு மேல் மூக்கு கவிழ்ந்தால், விமானி கட்டுப்பாட்டுக் கோலை எவ்வளவு இழுத்தாலும் அது நிமிராது. கட்டியவர்கள் வரைபடத்தில் இருந்தபடியேதான் கட்டினார்கள். குற்றம் வரைபடத்திலேயே இருந்தது. 1936இல் தடைகள் வந்தன. தொழிற்சாலைச் சான்றிதழ் இல்லாத வீட்டு விமானங்களுக்கென்று பிரிட்டன் வகுத்த தனி அனுமதி முறையும் இந்தத் தெள்ளு பறந்த நாட்களில் பிறந்ததுதான்.

ஆகவே வரைபடம் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. இந்த வடிவத்தில் இதுவரை எத்தனை விமானங்கள் பறந்திருக்கின்றன? வடிவமைத்தவர் உயிரோடு, தொழிலில் இருக்கிறாரா? தவறு கண்டுபிடிக்கப்பட்டால் திருத்தத்தை யார் அனுப்புவார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் ஒரு வரைபடத் தொகுதிக்கு ஒரு விமானம் என்ற உரிமத்தோடுதான் விற்கிறார்கள். தொகுதிக்கு ஒரு வரிசை எண் இருக்கும். அதுவே பின்னாளில் விமானத்தின் தொடர் எண்ணாகவும் ஆகிவிடுவது வழக்கம். நண்பர் கட்டாமல் போட்டு வைத்திருந்த தொகுதியை மலிவாக வாங்குகிறீர்கள் என்றால், அந்த எண்ணும் உரிமமும் உங்கள் பெயருக்கு மாறுமா என்று வடிவமைப்பாளரிடம் எழுதிக் கேட்டு, அவர் பதிலையும் பத்திரப்படுத்த வேண்டும். சிலர் மாற்றித் தருவார்கள், சிலர் தர மாட்டார்கள். இணையத்திலிருந்து இறக்கிய நகலைக் காட்டி எந்த ஆணையத்திடமும் போய் நிற்க முடியாது.

பர்ட் ருட்டானின் 'லாங்-ஈஸி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கண்ணாடி இழையும் நுரையும் கொண்டு வீட்டில் கட்டும் இந்த விமானம் 1980 முதல் ஆயிரக்கணக்கானவர்களை மயக்கியது. ஆனால் யாரோ எங்கோ தவறாகக் கட்டினால் வழக்கு தன் வாசலுக்கு வரும் என்ற அச்சத்தால் 1985இல் ருட்டான் வரைபட விற்பனையை நிறுத்திவிட்டார். இன்றைக்கு ஒருவர் லாங்-ஈஸி கட்ட விரும்பினால், வடிவமைத்தவரின் கை பின்னால் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டுதான் கட்ட வேண்டும்.

கிட் வாங்கினால் கவலை இல்லையா? உலகத்திலேயே அதிகமாகக் கட்டப்பட்ட கிட் விமானங்கள் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து வான்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வரிசை. 11,000க்கு மேற்பட்டவை பறந்திருக்கின்றன. அப்பேர்ப்பட்ட நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. லேசர் கொண்டு வெட்டிய துளைகளின் விளிம்பில் விரிசல் கண்டது, விரைவுக் கிட்களில் அரிப்பு கண்டது, மாற்றுப் பாகங்கள் செய்தே பணம் கரைந்தது. ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களிடம் புதிய, கூடுதல் விலைக்கு ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். நிறுவனம் மீண்டுவிட்டது, இன்றும் விற்கிறது. ஆனாலும் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். வால் பகுதியை முதலில் வாங்கிக் கட்டிப் பாருங்கள். கை பழகும், மனம் தாங்குமா என்றும் தெரிந்துவிடும். வால் கட்டியே கைவிட்டவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் இழந்தது சிறிய தொகை.

இன்னொரு கணக்கு, வீட்டின் அகலம். நம் தாமான்களில் இணைப்பு வீடு 20 அல்லது 22 அடி அகலம். ஆர்வி-7 விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 25 அடி, உடல் 20 அடிக்குச் சற்று மேல். உடலையும் இறக்கையையும் தனித்தனியே கட்டி, தளத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டுவதுதான் எங்கும் வழக்கம். கேட் வழியாக வெளியே வருமா என்று கட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். மர விமானம் என்றால் நம் ஈரப்பதத்தில் பசை உலரும் விதத்தையும் மரம் ஊதுவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதனால்தான் இந்தப் பக்கத்துக்கு அலுமினியம் ஒத்துவரும் என்பது என் கருத்து.

கிள்ளான் துறைமுகத்தில் முதல் சோதனை

கிட் வருவது கொள்கலனில். இறங்குவது கிள்ளான் துறைமுகத்தில். சுங்கத்துறையில் கே1 பாரம் போடும்போதுதான் பலர் முதல் தடவையாகத் திகைக்கிறார்கள். பெட்டிக்குள் இருப்பது விமானமா, விமானத்தின் உதிரிப் பாகங்களா, வெறும் அலுமினியத் தகடா? உலகெங்கும் சுங்கத்துறைகள் பின்பற்றும் வகைப்பாட்டில் இதற்கு ஒரு பொது விதி உண்டு. பிரித்து வந்த பொருளாக இருந்தாலும், முழுப் பொருளின் அடிப்படைத் தன்மை அதில் இருந்தால் முழுப் பொருளாகவே கருத வேண்டும் என்பது அது. விமானங்களும் அவற்றின் பாகங்களும் 88ஆம் அத்தியாயம். இன்ஜின் தனியாக வந்தால் 84ஆம் அத்தியாயம். வால் ஒரு கப்பலில், இறக்கை ஒரு கப்பலில், இன்ஜின் இன்னொரு நாட்டிலிருந்து என்று வந்தால் ஒவ்வொன்றுக்கும் வகை வேறாகலாம். கிள்ளானில் இந்த வேலையை நாள்தோறும் செய்யும் நம்மவர் முகவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் கப்பல் கிளம்புவதற்கு முன்பே பேசுங்கள். சுங்கத்துறையிடம் முன்கூட்டியே வகைப்பாட்டு முடிவு கேட்டு வாங்கும் வழியும் இருக்கிறது.

இந்த இடத்தில் கிடைக்கும் ஒவ்வொரு தாளும் பிறகு தேவைப்படும். விற்பனைப் பத்திரம், விலைப்பட்டியல், கப்பல் ரசீது, சுங்க ரசீது. இந்த இறக்கை உங்களுடையது, சட்டப்படி நாட்டுக்குள் வந்தது என்பதற்கு இவைதான் சாட்சி. பழைய விமானம் ஒன்றையோ பாதி கட்டிய விமானத்தையோ வெளிநாட்டிலிருந்து வாங்கினால், அது அங்கே பதிவாகியிருந்து நீக்கப்பட்டது என்ற சான்றையோ, எங்கும் பதிவானதே இல்லை என்ற சான்றையோ அந்நாட்டு ஆணையத்திடமிருந்து வாங்கி வர வேண்டும். ஒரு விமானம் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளில் பதிவாகியிருக்கக் கூடாது என்பது 1944 சிக்காகோ உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு. அதை எந்த அதிகாரியாலும் தளர்த்த முடியாது.

ஜேபிஜே வழக்கம் இங்கே செல்லாது

நமக்குப் பழகியது கார் பதிவு. புஸ்பாகொம்மில் சோதனை, ஜேபிஜேயில் பெயர் மாற்றம், கையில் கிராண்ட். வண்டி முழுதாகத் தயாரான பிறகு கொண்டுபோய்க் காட்டினால் போதும். இந்தப் பழக்கத்திலேயே விமானத்தையும் முழுதாகக் கட்டிவிட்டு, "இதோ, வந்து பாருங்கள்" என்று கூப்பிடலாம் என நினைப்பவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். இறக்கையின் உள்ளே இருக்கும் முதுகெலும்புக் கட்டை, அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள், பெட்ரோல் தொட்டியின் ஒட்டு எல்லாவற்றையும் தகடு மூடிவிட்ட பிறகு யார் வந்து பார்ப்பது?

மலேசியாவில் பொறுப்பு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துடையது. சுருக்கமாக சிஏஏஎம். 2018 பிப்ரவரி வரை டிசிஏ என்று நாம் சொல்லிவந்த துறை அது. 2025 ஆகஸ்டில் விமானத் துறையின் இன்னோர் ஆணையமான மாவ்கொம்மும் அதோடு இணைந்துவிட்டது. அமெரிக்கா 2019 நவம்பரில் நம் ஆணையத்தின் பாதுகாப்புத் தரத்தை இரண்டாம் பிரிவுக்கு இறக்கி, 2022 அக்டோபரில்தான் முதல் பிரிவுக்கு மீட்டது. அந்த அடியை வாங்கிய ஆணையம் வீட்டு விமானம் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. விட்டுவிடவும் கூடாது.

இங்கே இரண்டு தாள்கள் வேறு வேறு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று பதிவுச் சான்றிதழ்: இந்த விமானம் மலேசிய விமானம், இன்னார் பெயரில் பதிவானது, இதன் எழுத்து 9எம் என்று தொடங்கும் என்பது அது சொல்வது. எம்எச்370 என்று நாம் அறிந்த விமானத்தின் பதிவு எழுத்து 9எம்-எம்ஆர்ஓ. அதே வரிசையில்தான் உங்கள் இரண்டு இருக்கை விமானமும் வந்து நிற்கும். மற்றது பறக்கத் தகுதி பற்றியது. தொழிற்சாலை விமானத்துக்கு அது வானூர்தித் தகுதிச் சான்றிதழ். வீட்டில் கட்டியதற்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. நிபந்தனைகளோடு கூடிய பறக்கும் அனுமதிதான். முதல் தாள் கிடைத்ததும் ஜெயித்துவிட்டோம் என்று கொண்டாடியவர்கள், இரண்டாவது தாளுக்காகக் காத்திருந்த காலம் மிக நீளம். அமோல் யாதவுக்குப் பதிவு 2017இல், பறக்கும் அனுமதி 2019இல் என்பதை மறுபடி நினைவில் கொள்ளுங்கள்.

எழுத்தைப் பற்றியும் விதிகள் உண்டு. சிக்காகோ உடன்படிக்கையின் ஏழாம் இணைப்பின்படி எஸ்ஓஎஸ், பான் போன்ற அபாய அழைப்புகளோடு குழம்பும் எழுத்துக் கூட்டு கிடைக்காது. க்யூவில் தொடங்கும் மூன்றெழுத்தும் அப்படியே. இறக்கையின் அடியில் எழுத்து 50 செ.மீ. உயரம், உடலில் 30 செ.மீ. சின்ன விமானத்தில் இது பெரிதாகத்தான் தெரியும். இவற்றோடு, நெருப்பில் உருகாத உலோகத் தகடு ஒன்றில் பதிவு எழுத்தைப் பொறித்து நுழைவாயில் அருகே பதிக்க வேண்டும். எல்லாம் எரிந்த பிறகும் இது எந்த விமானம் என்று சொல்ல அந்தத் தகடு மிஞ்ச வேண்டும் என்பதே அதன் நோக்கம். வானொலிக் கருவிக்குத் தகவல் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் உரிமம் தனி. ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் பதிக்கும் எண், பதிவு எழுத்தோடு சேர்த்தே ஒதுக்கப்படும். அதனால் எழுத்து உறுதியாகும் முன் வண்ணம் அடிக்கவோ கருவிக்குள் எண் ஏற்றவோ அவசரப்படாதீர்கள்.

ஒரு போல்ட்டின் தலை

யார் கட்டினார் என்ற கேள்விதான் வீட்டு விமானத்தின் உயிர்நாடி. அமெரிக்க விதி, கட்டும் வேலையின் பெரும்பகுதியைத் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்கிறது. 51 விழுக்காடு விதி என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள். காசு கொடுத்து வேறொருவரிடம் கட்டவிட்டால் அது வீட்டு விமானம் ஆகாது. இதை மெய்ப்பிக்கக் கட்டும் நாட்குறிப்பு வேண்டும். இன்றைய தேதி, செய்த வேலை, செலவான மணி நேரம், படம். படத்தில் உங்கள் முகமோ கையோ தெரிய வேண்டும்.

நாட்குறிப்பில் என்ன எழுதுவது என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன உதாரணம். ஏஎன்3 என்ற போல்ட்டை எடுத்துக்கொள்வோம். 3/16 அங்குலப் பருமன். அதன் தலையைத் திருப்பிப் பார்த்தால் சிலுவை போன்ற ஒரு குறி மேலெழுந்து நிற்கும். விமானத் தரத்து எஃகு என்பதற்கான அடையாளம் அது. ஜாலான் துன் சம்பந்தனிலோ கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ ஹார்ட்வேர் கடையில் அதே பருமனில், அதே நீளத்தில், பளபளப்பாக ஒரு போல்ட் கிடைக்கும், விலையும் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தக் குறி மட்டும் இருக்காது. அது விமானத்துக்குள் போகக் கூடாது. சரியான போல்ட்டை, சாதாரண நட்டோடு 20 முதல் 25 அங்குல-பவுண்டு வரை டார்க் ஸ்பானரால் முறுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தளரும், கூடினால் கழுத்து இழுபடும். முறுக்கி முடித்ததும் நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வண்ணக் கோடு ஒன்று இழுத்துவிட வேண்டும். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். எந்த போல்ட், எந்தக் கடை, எந்தச் சான்று, எவ்வளவு முறுக்கம், எந்த நாள்: நாட்குறிப்பில் ஒரு வரி. ஒரு விமானத்தில் இப்படி ஆயிரக்கணக்கான வரிகள். சோதனை செய்பவர் புரட்டுவது இந்த நோட்டைத்தான்.

பிரிட்டனில் கேரளத்தைச் சேர்ந்த அசோக் தாமரக்ஷன் கட்டிய கதை பலருக்குத் தெரியும். ஜோகன்னஸ்பர்க்கின் ஸ்லிங் நிறுவனத்திலிருந்து நான்கு இருக்கை கிட்டை வரவழைத்து, 2020 ஊரடங்கில் எசெக்ஸ் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் தொடங்கினார். 2022இல் பறந்தது. மகளின் பெயரைச் சேர்த்து ஜி-டியா என்று எழுத்து வாங்கினார். செலவு ஏறத்தாழ 1,40,000 பவுண்டு என்று செய்திகள் சொன்னன. யாதவின் எட்டு ஆண்டுக்கும் இவருடைய இரண்டு ஆண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை உழைப்பில் தேடக் கூடாது. பிரிட்டனில் இலகு விமானச் சங்கம் என்ற அமைப்புக்கு இந்த வேலையின் மேற்பார்வை ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கட்டத் தொடங்கும்போதே சங்கத்தில் திட்டம் பதிவாகிறது. சோதனையாளர் ஒவ்வொரு கட்டத்திலும் வந்து, தகடு மூடும் முன் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். கடைசி நாளில் திடுக்கிட வைக்கும் கேள்வி எதுவும் மிச்சமிருக்காது. மலேசியாவிலும் இப்படி ஓர் ஏற்பாடு வளர வேண்டும். பறக்கும் கழகங்களும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர்களும் ஆணையத்தோடு உட்கார்ந்து பேசினால் நடக்காத காரியம் அல்ல.

வரைபடத்தை மீறினால்

1997 அக்டோபர் 12. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்ட்ரே விரிகுடாவில் லாங்-ஈஸி விமானம் விழுந்து இறந்தார். அவர் அதைக் கட்டவில்லை. கட்டி முடித்ததை அண்மையில்தான் வாங்கியிருந்தார். ருட்டானின் வரைபடத்தில் பெட்ரோல் தொட்டியை மாற்றும் திருகு விமானியின் கால்களுக்கு நடுவே, கண்ணெதிரே இருந்தது. இந்த விமானத்தைக் கட்டியவர், பெட்ரோல் குழாய் விமானியறைக்குள் வர வேண்டாம் என்று கருதி, திருகை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஒரு தொட்டி வற்றியதும் அடுத்ததற்கு மாற்ற, விமானி உடம்பைத் திருப்பிப் பின்னால் கையை நீட்ட வேண்டியிருந்தது. அப்போது கால் சுக்கான் மிதியை அழுத்தியிருக்கக்கூடும் என்பது விசாரணையாளர்களின் முடிவு. பெட்ரோல் அளவு காட்டும் குழாய்களில் அளவுக் குறிப்பும் இல்லை. போதிய பெட்ரோல் இல்லாமல் புறப்பட்டதும் சேர்ந்துகொண்டது.

வரைபடத்திலிருந்து விலகும் ஒவ்வொரு இடத்தையும் எழுதி வைக்கச் சொல்வதும், பெரிய மாற்றத்துக்கு முன் அனுமதி கேட்கச் சொல்வதும் இதற்காகத்தான். கட்டியவருக்குத் தன் மாற்றம் பழகிவிடும். பத்தாண்டு கழித்து வாங்குபவருக்கு அது தெரியாது. இரண்டாம் கை வீட்டு விமானம் வாங்க நினைப்பவர்கள் விமானத்தைப் பார்க்கும் முன் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். நாட்குறிப்பு இல்லை என்று விற்பவர் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கே பறப்பது?

சுபாங்குக்கு 2024 ஆகஸ்ட் முதல் ஜெட் விமானங்கள் திரும்பிவிட்டன. இதுவரை பறக்காத இன்ஜின் ஒன்றை அந்த நெரிசலில், வீடுகளுக்கு மேல் முதன்முதலாகப் பறக்கவிடுவது சரியல்ல. 2024 பிப்ரவரி 13இல் சுபாங்கிலிருந்து கிளம்பிய சிறிய விமானம் காப்பார், கம்போங் தோக் மூடா அருகே செம்பனைத் தோட்டத்தில் விழுந்து இருவர் உயிரிழந்ததைக் கிள்ளான் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது வீட்டில் கட்டியது அல்ல, இத்தாலியத் தயாரிப்பு, இத்தாலியப் பதிவு எழுத்து. ஆனாலும் தரையில் இருப்பவர்களின் பயம் நியாயமானது. முதல் பறத்தலுக்கு மக்கள் நெருக்கம் இல்லாத தளம் வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள், பயணியை ஏற்றாமல்தான் பறக்க வேண்டும். அதற்கு முன் மூன்று சக்கரங்களையும் தராசில் ஏற்றி எடையும் எடை மையமும் கணக்கிட்டாக வேண்டும்.

நாட்டுக்கு வெளியே போக ஆசைப்பட்டால் இன்னொன்று. முழுத் தகுதிச் சான்றிதழ் உள்ள விமானத்தை மற்ற நாடுகள் தாமாக ஏற்றுக்கொள்ளும், சிக்காகோ உடன்படிக்கை 33ஆம் பிரிவு அப்படி. வீட்டு விமானத்தின் பறக்கும் அனுமதிக்கு அந்த உரிமை கிடையாது. சிலேத்தார், ஹாட் யாய், மேடான் என்று எங்கே போனாலும் அந்தந்த நாட்டிடம் முன்கூட்டியே தனி அனுமதி கேட்க வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு ஆசை குறையவில்லை என்றால், நீங்கள் கட்டக்கூடியவர்தான். வரைபடத்துக்கோ கிட்டுக்கோ முன்பணம் அனுப்பும் முன் ஒரு கடிதம் எழுதுங்கள். விமானத்தின் பெயர், வடிவமைப்பாளர், இன்ஜின், கட்டப்போகும் இடம், சோதனைக்கு வரக்கூடிய பொறியாளர் யார் என்ற விவரங்களோடு, இந்த வடிவத்துக்குப் பதிவும் பறக்கும் அனுமதியும் என்னென்ன நிபந்தனைகளின் பேரில் கிடைக்கும், எந்தெந்தக் கட்டத்தில் சோதனை வேண்டும் என்று புத்ராஜெயாவில் உள்ள சிஏஏஎம் தலைமையகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். பதில் எழுத்தில் வரும் வரை பணத்தை அனுப்பாதீர்கள். அந்தப் பதிலை உங்கள் கோப்பின் முதல் தாளாக வையுங்கள். வரைபடத்தின் ரசீது இரண்டாவது தாள்.